திண்டு பிடித்த மாலை

"வலது தோள்!" என்று கோச் கத்தி முடிப்பதற்குள் பர்வீன் வந்து மோதிவிட்டாள். அரிசி மூட்டையை யாரோ வயிற்றின்மேல் போட்டதுபோல இருந்தது. மூச்சு வெளியே போனது, திரும்பி வர வழி தெரியாமல் கொஞ்சம் நின்றது, பிறகு வந்துவிட்டது. குதிகால் மணலில் ஒரு கோடு இழுத்தது. குனிந்து பார்த்தால் அவளுடைய தலை என் வலது இடுப்பை உரசிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறது, பிடரியில் வியர்வையும் மண்ணும், கைகள் இரண்டும் நான் பிடித்திருக்கும் திண்டையும் என் தொடைகளையும் சேர்த்து வளைத்திருக்கின்றன. "இறுக்கு, தள்ளு... விடு!" கோச் கை தட்டினார். விட்டாள். நிமிர்ந்து, "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள். "போடி, பஸ்ல எறங்கறப்ப இதவிட நல்லா இடிக்கிறாங்க" என்றேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். யுவராணி சிரிக்கவில்லை. ஜெனிட்டாவுக்கும் கனகாவுக்கும் பின்னால் நிற்கிறாள், பல்லில் மாட்டும் ரப்பர் உறையை நாக்கால் வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதுமாக. என் மகள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் எதன்மீதாவது மோதப்போகிறாள். அது என்மீது.

இதை நான் கேட்டு வாங்கவில்லை. கூட்ஸ் லைன் சுவரை ஒட்டி நிழல் விழும் இடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் ரக்பி பயிற்சியைப் பார்ப்பதுதான் என் வேலை. காலையில் அம்மா உணவகத்தில் இட்லித் தட்டு தூக்கி, மதியம் சாம்பார் சாதம் முடித்து, அண்டா கழுவி வீட்டுக்குப் போனால் படுக்கலாம், ஆனால் இந்த ஒரு மாதமாகப் படுத்தால் கண் மூடுவதில்லை, இங்கே வந்துவிடுகிறேன். எப்போதும் திண்டு பிடிக்கும் சுமித்ராவுக்கு இன்று கல்லூரியில் பரீட்சை. கோச் என் பக்கம் பார்த்தார். "அமுலுக்கா, நீங்க கபடி ஆடினவங்கதான? காலு ஊனத் தெரியுமில்ல? வாங்க, இதப் புடிங்க." ரெபெக்கா என்று பெயர், ராயபுரத்துப் பெண், என் கடைசித் தங்கையைவிடச் சின்னவர், ஆனால் அவர் வாங்க என்றால் கால் தானாக எழுந்துவிடுகிறது. கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஆரஞ்சுக் கூம்பு ஒன்றின் தலையில் மாட்டினேன். தாலியைச் சுடிதாருக்குள் போட்டேன். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்தேன். பேடு என்கிறார்கள் பிள்ளைகள், எனக்கு அது திண்டு. நீல ரெக்சின், உள்ளே ஸ்பாஞ்சு, பின்பக்கம் கை நுழைக்க இரண்டு பட்டைகள். முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறார்கள். மோதுகிறவளின் தோள் அந்தக் கோட்டில் படவேண்டும், தலை கோட்டைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும். சுவரோரம் உட்கார்ந்து பார்த்தபோது இப்படி ஒரு கோடு இருப்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலை எங்கே போகவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து டேப் ஒட்டியிருக்கிறார்.

"ஜெனிட்டா, தூரத்துல இருந்து பறக்காத. கிட்ட வந்ததும் சின்னச் சின்ன ஸ்டெப்பு. உன் காலு அக்கா காலுக்குப் பக்கத்துல வரணும். கன்னத்த செல்ஃபி எடுக்குற மாதிரி ஒட்டு, ஆனா முன்னாடி இல்ல, இடுப்புக்குப் பின்னாடி." ஜெனிட்டா ஒல்லி, அவள் மோதுவது கதவு தட்டுவதுபோலத்தான் இருந்தது, ஆனால் பிடி வலுவாக இருந்தது. கோச் கை தட்டினார். அவள் விடவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் விடவில்லை, என் முழங்காலுக்குப் பின்னால் விரல்களைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். "ஏய், இது கபடி இல்லடி! அவ மூச்சு முடியற வரிக்கும் கட்டிக்கினு கெடப்பியா? அவ வுழுந்தா உன் வேலை முடிஞ்சுது. விட்டுட்டு எழுந்திரு. இல்லன்னா விசிலு, பந்து அவங்களுக்கு." ஜெனிட்டா பல்லுறை தெரிய இளித்தாள். "கை கேக்க மாட்டுது கோச்." எனக்கு அந்தக் கையைத் தெரியும். இங்கே இருக்கும் எல்லாரும் கபடியிலிருந்து வந்தவர்கள், எல்லாருடைய கையும் அப்படித்தான். பிடித்தபின் விடுவது என்று ஒன்று நாங்கள் ஆடியபோது கிடையாது. காலைப் பிடித்தாயா, முகத்தில் உதைத்தாலும் விடாதே, அவள் பாட்டு நிற்கும்வரை தொங்கு. யுவராணிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான், வீட்டில் கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில், அவள் ஏழாவது படிக்கும்போது. என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாக இழுபடுவாள், சிரித்துச் சிரித்து விக்கல் வரும், பிடி மட்டும் தளராது. கீழ்வீட்டுக்காரர்கள் சுவரில் தட்டுவார்கள். அந்தப் பிடியைப் பார்த்துத்தான் கோச் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இங்கே கூட்டி வந்தார். "இந்தப் பொண்ணு புடிச்சா புடிச்சதுதான்க்கா" என்றார் முதல்முதலாக வீட்டுக்கு வந்தபோது. அன்று எனக்கு இருந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவருக்கு இரண்டு டம்ளர் காப்பி கொடுத்தேன், ஒன்றன்பின் ஒன்றாக, அவரும் குடித்தார்.

கபடியில் பாடி வருகிறவள் கடைசியில் திரும்பித்தான் ஓடுவாள், கோட்டைத் தொட. நாம் பின்னாலிருந்து பாய்வோம். தலை எங்கே இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே பந்தோடு வருகிறவள் நம்மை நோக்கி ஓடி வருகிறாள். அவள் போகும் வழியில் நம் தலை இருந்தால் அவள் முட்டியும் தொடையும் அதன்மேல்தான். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று தெரியாது. ஒரு மாதத்துக்கு முன், ஒரு கல்லூரி மைதானத்தில், கயிற்றுக்கு வெளியே நின்று, மற்ற அம்மாக்களைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தேன். எதிரணியில் ஒரு உயரமான பெண் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள், யுவராணி பாய்ந்தாள், தலை முன்பக்கம் போனது, ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் என்று சொல்ல வருகிறது, அப்படிச் சொல்லக் கூடாது. இரண்டுபேரும் விழுந்தார்கள். உயரமான பெண் எழ முயன்றாள், முடியவில்லை, ஏனென்றால் யுவராணி இன்னும் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை, பிடி இருந்தது. கோச் ஓடிப்போய் ஒவ்வொரு விரலாக எடுத்தார். பிறகு அவள் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். எழுந்துவிட்டாள் என்று எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். அவள் கேட்டாள், "டாஸ் யாரு கோச் ஜெயிச்சாங்க?" கோச் சொன்னார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள், "டாஸ் யாரு ஜெயிச்சாங்க?" அவர் மறுபடி சொன்னார், அதே குரலில், முதல்தடவை சொல்வதுபோல. மூன்றாவது தடவையும் கேட்டாள். நான் கயிற்றைத் தாண்டியபோது என் காலில் செருப்பு இல்லை, எங்கே விட்டேன் என்று இதுவரை தெரியவில்லை.

"கனகா, நீ லெஃப்ட் ஷோல்டர். அக்கா, இவ கொஞ்சம் வெயிட்டு, பாத்துக்குங்க." எல்லாரும் ஓவென்றார்கள். "நான் ஒண்ணும் வெயிட்டு இல்ல கோச், எலும்பு பெருசு" என்றாள் கனகா. மோதினாள். எலும்பு பெரியதுதான். இடது பக்கம் ஒருமுறை சாய்ந்து, குதிகாலைத் தேடி, கண்டுபிடித்து நின்றேன். இவ்வளவு வேகம் ஒரு பிள்ளையின் உடம்பில் எங்கே இருக்கிறது? காலையில் இதே கனகா உணவகத்துக்கு வந்து தம்பிக்குப் பொங்கல் வாங்கிக்கொண்டு போனாள், ஒரு மாதிரி சோம்பிச் சோம்பி, செருப்பை இழுத்துக்கொண்டு. விடு என்றதும் டக்கென்று விட்டாள், நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். யுவராணிக்கு அடிபட்ட அன்று இவளும் பர்வீனும்தான் கோச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "கோச், அவ எழுந்துட்டா கோச். அவ இல்லன்னா தோத்துருவோம்." ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம், இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யுவராணியும், "எனக்கு ஒண்ணுமில்ல, எறங்குறேன்" என்றாள், இது எந்த ஊர் என்று கோச் கேட்டதற்குத் தப்பாகச் சொல்லிவிட்டு. கோச் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தோப்போம். இன்னா இப்ப?" என்றார். தோற்றார்கள். அதன்பிறகு அந்தத் தோல்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, எங்கள் வீட்டிலோ இங்கேயோ. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஷூவில் மண்ணோடு, தன்னுடைய செருப்பை எனக்குப் போடக் கொடுத்துவிட்டு. பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. டாக்டர் வந்து சொன்னதை எல்லாம் எனக்குப் புரிகிற மாதிரி இன்னொரு முறை சொன்னார். முதலில் சும்மா இருக்கணும், போன் பார்க்கக் கூடாது, பிறகு நடக்கலாம், பிறகு ஓடலாம், பிறகு பந்து பிடிக்கலாம், ஒவ்வொன்றிலும் தலைவலி வந்தால் ஒரு படி கீழே இறங்கணும், எல்லாம் தாண்டினால் திண்டு, திண்டு தாண்டினால்தான் ஆள்.

நன்றி என்று இதுவரை சொல்லவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. சொன்னால் மேடையில் மைக் பிடித்துப் பேசுவதுபோல இருக்கும். இந்த மாதம் முழுக்க அதற்குப் பதிலாக என்னென்னவோ செய்தேன். பிள்ளைகளுடைய பல்லுறைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தேன். கூம்புகளை எடுத்து அடுக்கினேன். எவர்சில்வர் வாளியில் நீர்மோர். கோச் குடித்துவிட்டு, "உப்பு கம்மிக்கா" என்றார், மறுநாள் உப்பு அதிகமாகப் போட்டேன், அதையும் குடித்தார். யாருக்குத்தான் சொல்வது? கோச்சுக்கு ஒன்று. அன்று வழியில் நிறுத்தாமல் கொண்டுபோன ஆட்டோக்காரருக்கு ஒன்று, முகம்கூட ஞாபகமில்லை, கழுத்தில் சிவப்புத் துண்டு. இழுத்துக்கொண்டு ஓடாமல், கோச் வந்து விரல்களை எடுக்கும்வரை அசையாது கிடந்த அந்த உயரமான பெண்ணுக்கு ஒன்று. அவள் காலை உதறியிருந்தால்? உதறவில்லை. மூன்றாம் நாள் காலையில் யுவராணி இன்னொரு தோசை கேட்டு, நான் போடத் தாமதமானதும், "செவுடாம்மா நீ?" என்று கத்தினாளே, அந்தக் கத்தலுக்கு ஒன்று. அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி நின்று, சட்டினி அரைக்கிற சாக்கில் அழுதேன்.

ஆனால் விரல் நிற்கவில்லை. டாக்டர் ஒரு விரலை அவள் கண்முன் நிறுத்தி இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்தார். நான் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். காலையில் எழுந்ததும் விரல், பள்ளிக்கூடம் போகும்முன் விரல், இருமினால் விரல். "எம்மா, ட்ராஃபிக் போலீஸ் மாதிரி பண்ணாத" என்பாள், இருந்தாலும் கண்ணை நகர்த்துவாள், இரண்டு கருவிழியும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரும், எனக்கு மூச்சு வரும். அவள் அப்பா கண்டெய்னர் லாரியோடு குஜராத்தில் இருக்கிறார். "உனக்கு எது தோணுதோ செய்யி, நீ கிட்ட இருந்து பாக்குறவ" என்கிறார் போனில், பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு எது தோன்றுகிறது? ராத்திரியில் வேண்டாம் என்று தோன்றுகிறது, சாயங்காலம் இங்கே வந்து, சுவரோரம் தனியாக ஓடுகிற அவள் முகத்தைப் பார்த்தால் சரி என்று தோன்றுகிறது. போன வாரம் கோச் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டர் சரின்னுட்டாருக்கா. அவளும் ரெடி. நீங்க சரின்னாதான் எறக்குவேன். வேணாம்னா வேணாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." "அவ பேடுல அடிக்கிற அன்னிக்குப் பாத்துட்டு சொல்றேன்" என்றேன். அந்த நாள்தான் இது. சுமித்ராவுக்கு இன்று பரீட்சை என்பது உண்மையா, அல்லது பார்த்துச் சொல்வதைவிடப் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று கோச் செய்த ஏற்பாடா? கேட்கமாட்டேன். எதுவாக இருந்தாலும் நல்லதுதான். சுவரோரம் உட்கார்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

"யுவா. ரைட் ஷோல்டர். அவசரமில்ல." வந்துவிட்டாள். ஓடி வருகிறாள், தலை நிமிர்ந்திருக்கிறது, கண் திண்டில் இருக்கிறது, வெள்ளைக் கோட்டில் இருக்கிறது, இந்த நெற்றிதான், வலது புருவத்துக்கு மேலே, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள், ஒன்றுமில்லை, பிறந்தபோது இந்த உச்சியில் தோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, விரல் வைக்கப் பயந்து எண்ணெய்கூட உள்ளங்கையால்தான் தடவினேன், கிட்ட வந்துவிட்டாள், நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கால் பின்னால் போயிருக்கிறது. கை தளர்ந்திருக்கிறது. மோதல் வரவேண்டிய இடத்தில் மோதல் வரவில்லை, அவளுடைய தோள் காற்றில் போவதுபோலத் திண்டை மடித்துக்கொண்டு உள்ளே போனது, அவள் என் காலடியில் மணலில் முகம்குப்புற விழுந்தாள். விசில். அவள் கையை ஊன்றி எழுந்து, பல்லுறையைத் துப்பி, மண்ணைத் துப்பி, என்னைப் பார்த்தாள். "எம்மா! ஒழுங்கா புடிம்மா! பர்வீனுக்கு மட்டும் புடிச்ச?" கண் இரண்டும் ஒன்றாகத்தான் என்னை முறைக்கின்றன. கோபத்தில் ஒன்றாகத்தான் நிற்கின்றன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கோச் வந்து திண்டைத் திருப்பி என் கையைப் பட்டைக்குள் சரியாக நுழைத்தார், குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல. "அக்கா. நீங்க பின்னாடி போனா அவ மூஞ்சி மண்ணுல. மெதுவா புடிச்சா அவளுக்கு அடிபடாதுன்னு தோணும். அப்பிடித்தான் எல்லாருக்கும் தோணும். ஆனா அவ சாயறதுக்கு ஒண்ணு வேணும்க்கா. நீங்க நின்னாதான் அவ தலை வெளிய போவும்." தாழ்ந்த குரலில் சொன்னார், பிள்ளைகளுக்குக் கேட்காதபடி. சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் திண்டைக் கீழே போட்டுவிட்டுப் போயிருப்பேன், அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நிறுத்திடலாமாக்கா?" என்றும் கேட்டார். கூட்ஸ் வண்டி ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது, பெட்டி பெட்டியாக, பேச்சு கேட்காது. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம், நிறுத்த வேண்டாம் என்று. பர்வீன் மறுபடி வந்தாள், பிடித்தேன். ஜெனிட்டா வந்தாள், பிடித்தேன், இந்தத் தடவை ஒரே கைதட்டலில் விட்டுவிட்டாள், "பாத்தீங்களா ஆன்ட்டி!" என்றாள். இவர்களுக்கெல்லாம் என் கால் ஒழுங்காகத்தான் நிற்கிறது. ஊரார் பிள்ளைகள் என்பதாலா? ஜெனிட்டாவுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், எண்ணூர் பக்கம் கம்பெனியில் ஷிப்ட், அவள் இங்கே வந்து உட்கார முடியாது, தன் பிள்ளை மோதும்போது திண்டுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி காலூன்றி நிற்பாள் என்று நம்பி வேலைக்குப் போயிருக்கிறாள். நான் பார்க்காத நாட்களில் சுமித்ரா நின்றாள். என் பிள்ளை எத்தனை முறை அவள்மேல் சாய்ந்திருப்பாள், அவளுக்குத் தொடையெல்லாம் கன்றிப்போயிருக்கும், அவளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கனகா வந்தாள். எலும்பு. பிடித்தேன். வண்டியின் கடைசிப் பெட்டி போய்விட்டது.

"யுவா." இந்தத் தடவை கோச் பெயரை மட்டும் சொன்னார். நான் அவள் நெற்றியைப் பார்க்கக் கூடாது. காலைப் பார்க்கிறேன். நீளமான எட்டு, நீளமான எட்டு, கிட்ட வந்ததும் குறுகுகிறது, சின்னச் சின்னதாக, இது கபடிக்காரியின் கால் இல்லை, யார் சொல்லிக்கொடுத்தது, நான் இல்லை. அவள் ஷூ என் செருப்பில்லாத காலுக்குப் பக்கத்தில் வந்து மணலில் பதிந்தது. நான் முன்னால் சாய்ந்தேன். வந்தது. திண்டு நெஞ்சில் அழுந்தி, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, குதிகாலில் போய் மண்ணுக்குள் முடிந்தது. நான் நிற்கிறேன். குனிந்தால் வலது முழங்கைக்குக் கீழே அவள் பிடரி, நான் காலையில் பின்னிய பின்னல், தலை வெளியே இருக்கிறது, கன்னம் என் இடுப்புக்குப் பின்னால் சூடாக ஒட்டியிருக்கிறது. கைகள் வந்து சுற்றிப் பூட்டிக்கொண்டன. அந்தப் பிடி. கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் என்னைப் பிடித்த அதே பிடி, பெரியதாகிவிட்டது, என்னைத் தூக்கிவிடும்போல இருக்கிறது. இப்படியே இருக்கட்டும், கொஞ்ச நேரம், கோச் கை தட்ட வேண்டாம், விடாதே, விடாதேடி. கைதட்டல் கேட்டது. விட்டுவிட்டாள். உடனே, சத்தம் காற்றில் இருக்கும்போதே, பத்து விரலும் ஒன்றாக விட்டன. இடுப்பில் அவள் கன்னம் இருந்த இடத்தில் காற்று பட்டது. எழுந்து நின்றாள், மூச்சு வாங்க, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு. "கரெக்டா கோச்?" "கன்னம் ஓகே. கை ஓகே. அடுத்து லெஃப்ட்டு." பர்வீன் அவள் முதுகில் ஒன்று போட்டாள். "வந்துட்டாடா மகாராணி!" "மூடுடி."

என் வலது கை பட்டையிலிருந்து வெளியே வந்திருந்தது. ஆட்காட்டி விரல் நிமிர்ந்து நின்றது, அவள் முகம் இருந்த உயரத்தில். அவள் அதற்குள் திரும்பி, வரிசையின் கடைசிக்கு ஓடிக்கொண்டிருந்தாள், ஜெனிட்டாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, பின்னல் முதுகில் இடமும் வலமுமாக ஆடியது. ஆரஞ்சுக் கூம்பில் என் வளையல்கள் சாய்ந்த வெயிலில் பச்சையாக இருந்தன. "அக்கா, ரெடியா?" என்றார் கோச், என்னைப் பார்க்காமல், விசிலை வாயில் வைத்துக்கொண்டு. பர்வீன் இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் விரலை மடக்கி, கையைப் பட்டைக்குள் நுழைத்து, குதிகாலை மணலில் பழைய குழியிலேயே ஊன்றிக்கொண்டேன்.